ழகரம் வராதவர்கள்

அந்தப் பேய்க்கதைத் தொடரில் மொத்தம் ஏழு புத்தகம். பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியது. ஐம்பத்திரண்டு வயதில் நான் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். இரத்தம் குடிக்கும் அழகான பையன்களுக்கு நான் பயந்ததில்லை. காதலில் உருகியே பாதிப் பக்கத்தைத் தின்றுவிடுவார்கள். என்னை நடுங்கவைத்தது 'நிழலர்'தான். வீட்டு ஆளைப் போலவே உருவெடுத்து வந்து கதவைத் தட்டுவார்கள். நடை, சிரிப்பு எல்லாம் அச்சு அசல். ழகரம் மட்டும் வராது. மழையை மளை என்பார்கள். அதைக் கேட்டதும் கதாநாயகி தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். வெளியே அம்மா குரலில் ஒன்று கெஞ்சிக்கொண்டே நிற்கும்.

என் வீட்டுக்காரர் வானொலியில் செய்தி வாசிப்பவர். அவர் ழகரத்தில் எள்ளளவும் பிசகு இருக்காது. கல்யாணமான புதிதிலிருந்தே என்னைக் 'கிழவி' என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் போய் இந்தக் கதையைச் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே வாசல் மணியை அடித்து, "கிளவி, கதவத் திற" என்றார். எனக்குக் குலை நடுங்கிவிட்டது. தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது. வெளியே அவர் வயிறு வலிக்கச் சிரித்தார். நான்கு நாள் இதே கூத்து.

"இன்னொரு தடவ பண்ணுங்க, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்று கத்தினேன். சொன்ன சொல்லை நான் காப்பாற்றுகிறவள்.

சனிக்கிழமை மதியம் அவரே சாவி போட்டுத் திறந்து வந்தார். நான் உள்ளறையில் கடைசிப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன்.

"கிளவி" என்றார் கூடத்திலிருந்து. "தண்ணி குடு."

"ஆரம்பிச்சாச்சா? நீங்களே எடுத்துக் குடிங்க."

ஏதோ உருண்டது. "டம்ளர் கீள விளுந்துடுச்சு."

"நடிப்பு முன்னேறியிருக்கு" என்றேன். பக்கத்தைத் திருப்பினேன்.

பதினோரு பக்கம் படித்தேன். பிறகுதான் உறைத்தது, அவர் இன்னும் சிரிக்கவில்லை.

ஓடினேன். தரையெல்லாம் தண்ணீர். நாற்காலியில் சரிந்திருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "பேச்சு எப்போ குளறுச்சு?"

"பதினோரு பக்கத்துக்கு முன்னாடி."

"நேரத்தச் சொல்லுங்கம்மா. அத வச்சுத்தான் மருந்து."

அரை மணி நேரம் இருக்கும் என்றேன். அதைவிட அதிகமாகவும் இருந்திருக்கலாம். பேய்க்கு நடுங்கிய எனக்கு, மனுஷனுக்கு நடுங்கத் தெரியாமல் போனது. என்னை நான் மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள், உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். பேச்சு எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாதாம். அந்தப் பேச்சுதான் அவர் பிழைப்பு.

அன்று சாயங்காலம் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். "கிளவி" என்றார்.

அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. நாக்கை மடக்கி மறுபடி முயன்றார். "கி... ளவி." கண் நிறைந்துவிட்டது. என் முகத்தையே பார்த்தார். திறப்பேனா மாட்டேனா என்று வாசலில் நிற்கிறவர் பார்வை அது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றேன். "உங்க கிளவிதான். இங்கதான் இருக்கேன்."