புதியவர்கள் சந்திப்பு

சிங்கப்பூரில், பிடோக்கில் வசிக்கும் ஐம்பது வயது சம்சுன்னிசா, பழைய மடிக்கணினியில் தானே லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினாள். வைஃபை மட்டும் வரவில்லை. இணையத்தில் இருந்த லினக்ஸ் குழுவில் சேர்ந்து உதவி கேட்டாள். “படிக்கச் சோம்பல்னா விண்டோஸுக்கே திரும்பிப் போ” என்று ஆங்கிலத்தில் எழுதிய நிர்வாகி, வேறு யாரும் பதில் எழுத முடியாதபடி அவள் கேள்வியையும் பூட்டிவிட்டான். அழுகையை அடக்கிக்கொண்டு கையேட்டைத் திரும்பத் திரும்பப் படித்து, அவளே அதைச் சரிசெய்தாள்.

பிறகு டன்லப் ஸ்திரீட் உணவகம் ஒன்றில் அதே குழு புதியவர்களுக்காக ஒரு சந்திப்பு வைத்தது. தன்னைப் போல் நாலு பேர் வருவார்கள் என்று நம்பிப் போனாள். வாசலில் வரவேற்க நின்ற அர்ஜுன் என்ற இளைஞனின் சட்டையில், அந்த நிர்வாகியின் இணையப் புனைபெயர் எழுதிய அட்டை ஒட்டியிருந்தது.

“வாங்க ஆன்ட்டி! என்ன டவுட்னாலும் கேளுங்க. இங்க யாரும் திட்ட மாட்டாங்க லா.”

அவள் தன் புனைபெயரைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

“ஐயோ, அது நீங்களா? யாரோ சின்னப் பையன்னு நெனச்சிட்டேன். சாரி ஆன்ட்டி.”

“சின்னப் பையன்னா அப்படிப் பேசலாமா, தம்பி?”

அவன் அசடு வழியச் சிரித்துவிட்டு, அடுத்து வந்தவரை வரவேற்கப் போனான்.

உள்ளே எல்லாரும் எழுந்து அவளுக்கு நாற்காலி தந்தார்கள், நுரை பொங்கும் தே தாரிக் தேநீர் வாங்கித் தந்தார்கள். கணினியைப் பற்றி மட்டும் ஒருவரும் அவளிடம் பேசவில்லை. வீடு திரும்பும் ரயிலிலேயே அவள் குழுவைவிட்டு விலகினாள்.