ஒரு தட்டு தட்டினால் போதும்

கண்ணாடி அலமாரியின் சாவியைத் தொழிற்சாலை ஸ்டோர்காரர் ஒவ்வொரு இழுப்பறையாகத் தேடிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. தம்பி.

"அக்கா, கிளம்பி வந்துடு," என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. சாவி அப்போதுதான் கிடைத்தது. ஸ்டோர்காரர் அலமாரியைத் திறந்து அப்பாவின் மடக்குக் கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அப்பாவுக்கு இப்போது தேவலையா என்று விசாரித்தார். அவள் ஏதோ தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். நேற்றே எடுத்திருக்கலாம். போன மாதமே எடுத்திருக்கலாம்.

அவள் வேலை பார்ப்பது மடக்குக் கத்தி செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில். மெஷினில் கத்தியை மாட்டிவிட்டால் அது திறந்து மூடி, திறந்து மூடி, ஏதாவது ஒன்று போகும்வரை விடாது. அப்பா பார்சல் ஆபீசில் காலமெல்லாம் மூட்டை கட்டியவர். கயிறு அறுக்க ஒரே கத்தியைத்தான் வைத்திருந்தார். மரப்பிடி, இரும்பு அலகு, ஒரு ஸ்பிரிங், இரண்டு ரிவெட் ஆணி. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு வந்தால் பழசா புதுசா என்று இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். கத்திச் சண்டை ஆரம்பித்துவிட்டது என்று அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

புதுசு துருப் பிடிக்காது, கூர் சீக்கிரம் மழுங்காது, லாக் இருப்பதால் விரல்மேல் மடங்காது என்பது அவள் கட்சி. சாட்சிக்கு அப்பாவின் ஆள்காட்டி விரலிலிருந்த தழும்பையே காட்டுவாள். மழுங்கினால் கல்லில் தேய்க்கலாம், ஆடினால் தட்டிக்கொள்ளலாம், உன்னுடையதை என்ன செய்வாய் என்பது அவர் கட்சி. கடைசியில் ஒரு நாள் வீம்புக்கு அவரே கத்தியை நீட்டினார். "உன் மெஷின்ல போடு. பாத்துடலாம்."

போட்டாள். பழசு முதலில் தளர்ந்தது. அலகு ஆட ஆரம்பித்ததும் விதிப்படி நிறுத்திவிட்டார்கள். புதுசு அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. ஒரு நாள் காலையில் லாக் தகடு இரண்டாகிக் கிடந்தது. ஆனாலும் ஜெயித்தது புதுசுதான். அந்த ஞாயிறு அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"என்னோடது உடைஞ்சுதா?" என்றார் அப்பா.

"உடையலப்பா. ஆடுது. எங்க கணக்குல அது ஃபெயில்தான்."

"உன்னோடது எங்க?"

"லாக் போயிடுச்சு. அத ஒண்ணும் பண்ண முடியாது. குப்பையில போட்டாச்சு."

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப என்னோடதக் கொண்டா. ஒரு தட்டு தட்டினா போதும்."

எந்தக் கத்தியையும் இத்தனை தடவைதான் திறந்து மூடலாம் என்று ஒரு கணக்கு உண்டு, அது தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று அவருக்கு அவள் பெரிய மனுஷியாக விளக்கினாள். தொழிற்சாலையிலிருந்து புதுசு ஒன்றும் வாங்கி வந்து கொடுத்தாள். பழசைத்தான் கொண்டுவரவில்லை. மேனேஜருக்கு அது பிடித்துப்போய், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று புதுக் கத்திகளுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். அப்பாவின் கத்தி அங்கே இருப்பது அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவர் வாராவாரம் கேட்டார். அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று இவள் இழுத்தாள். படுக்கையில் விழுந்தபின் கேட்பதை நிறுத்திவிட்டார். நேற்று மாலை மட்டும், பாதிக் குரலில், "கொண்டு வந்தியா?" என்றார்.

வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அவள் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு பின்பக்கம் போனாள். அவருடைய சாமான் பெட்டியில் சுத்தியல் இருந்தது. கத்தியைப் பின்படியில் கிடத்தி ரிவெட்டின் தலையில் ஒன்று போட்டாள். எடுத்து ஆட்டிப் பார்த்தாள். அலகு அசையவில்லை.

உண்மையிலேயே ஒரே தட்டுதான். இவ்வளவு சின்ன வேலையையா அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தோம் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. படியிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று பக்கத்து வீட்டு அக்கா அப்பாவின் அறையை ஒழித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் கறுத்துப்போன அரை ஆப்பிள். அதன் பக்கத்தில் இவள் கொடுத்த புதுக் கத்தி, திறந்தபடி. பக்கத்து வீட்டு அக்கா அதை மடக்கப் போனாள்.

"மூடாதம்மா," என்றாள் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா. "அவர் திட்டுவார்."

பிறகு மகளைப் பார்த்தாள். "நீ அந்தக் கணக்க சொன்னதுலேர்ந்து இப்படித்தான். ஒரு தடவ திறந்தார்னா பழம், மாத்திரை அட்டை, பேப்பர் எல்லாத்தையும் வெட்டி முடிச்சுட்டுத்தான் மூடுவார். சும்மா சும்மா திறந்தா தீந்துடுமாம். பொண்ணு செஞ்சது, பாத்து வச்சுக்கணும்னு சொல்லிட்டே இருந்தார்."

தம்பி வாசற்படியில் வந்து நின்று, வண்டி வந்துவிட்டது என்றான்.

முன்னறைக்குப் போய்ப் பழைய கத்தியை அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள். திரும்பி அவருடைய அறைக்கு வந்தாள். குழந்தைகள் யாராவது கை வைத்துவிடப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா தயங்கி நின்றிருந்தாள். இவள் கொடியிலிருந்து அப்பாவின் துண்டை உருவி, இரண்டாக மடித்து, திறந்திருந்த அந்தக் கத்தியின் மேல் போட்டாள்.