பெட்டி ஒரு வீட்டில், சாவி இரண்டு வீட்டில்

தன் கல்யாணம் போயும் போயும் ஒரு கேசட்டுக்குள் சிக்கிக்கொள்ளும் என்று பரீதா கனவிலும் நினைக்கவில்லை. சிக்கவைத்தது வேறு யாருமில்லை, பெற்ற வாப்பா கௌஸ் மைதீன்தான்.

சிங்கப்பூரில் ஜவுளிக்கடைக் கணக்குப் பார்த்துவிட்டு எண்பத்தாறாம் வருஷம் அவர் பழவேற்காட்டுக்குத் திரும்பினார். கடல் கடந்து சம்பாதித்துத் திரும்பும் மற்ற சபுராளிகள் செண்டும் சேலையும் கொண்டுவந்தால் இவர் கொண்டுவந்தது ஒரு கம்ப்யூட்டர். பார்க்கத் தட்டையான டைப்ரைட்டர்தான். அதிலிருந்து டிவிக்கு ஒரு வயர், டேப் ரிக்கார்டருக்கு ஒரு வயர். கேசட்டைப் போட்டால் பாட்டு வராது. காது கூசும்படி ஒரு கீச்சுச் சத்தம் வரும், அது ஓய்ந்ததும் திரையில் இங்கிலீஷ் எழுத்து வரும். தெருவே திரண்டு வந்து பார்த்தது. படம் எப்போது போடுவீர்கள் என்று கேட்டுவிட்டுக் கலைந்து போனது.

படம் போடவா அவர் அதை வாங்கினார்? ஊருக்கு ஒரு நல்லது செய்ய வேண்டும் என்ற அரிப்பு அவருக்கு ரொம்ப நாளாய் உண்டு. பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்கள் ஒன்றுக்குள் ஒன்று. ஒரே தாயிடம் வயிறாரப் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் மார்க்கப்படி உடன்பிறப்புகள்; அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. அந்தக் காலத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுக்காரி அவள் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வாள். யார் யாருக்குக் கொடுத்தாள் என்று பிறகு யார் கண்டது? கௌஸ் மைதீன் வீடு வீடாகப் போய்க் கிழவிகளிடம் கேட்டார். இன்ன பிள்ளை, இன்ன தாயின் பால் என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, அத்தனையையும் கேசட்டில் ஏற்றினார்.

இது வீட்டுக்கு வீடு உள்ள அந்தரங்கம். கண்டவன் கையில் கிடைக்கக்கூடாது. ஆகவே பூட்டு வேண்டும் என்று முடிவு செய்தார். அங்கேதான் அவருக்கு லைட்ஹவுஸ் குப்பத்து முனியன் ஞாபகம் வந்து தொலைத்தது.

முனியன் அவருடைய பால்யகால சிநேகிதர், இப்போது குப்பத்தில் ஊர்ச் செய்தி சொல்லும் ஆள். குப்பத்துப் பொதுப் பெட்டியை ஒரு வீட்டில் வைத்திருப்பார்கள். அதற்கு இரண்டு பூட்டு. சாவிகள் வேறு வேறு இரண்டு வீடுகளில். பெட்டி இருக்கிற வீட்டுக்காரன் சாவியைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது. திறக்க வேண்டிய நாளில் யாரும் யாரையும் போய் அழைப்பதில்லை. முனியன் தெருவில் நின்று பெட்டி திறக்கிறது என்று ஒரு குரல் கொடுப்பார், சாவிக்காரர்கள் தாமாக வந்துவிடுவார்கள். இந்த ஏற்பாடு கௌஸ் மைதீனுக்கு அப்படிப் பிடித்துப்போய்விட்டது.

கேசட்டைப் போட்டதும் கம்ப்யூட்டர் இரண்டு எண் கேட்கும்படி செய்தார். முதல் எண்ணைத் தன் அக்கா பரக்கத் பீவியையும், இரண்டாவதைத் தன் மனைவி ஆமினா பீவியையும் அவரவர் மனசுக்குத் தோன்றியபடி அழுத்தச் சொன்னார். அவர்கள் அழுத்தியபோது குப்பத்து முறைப்படி சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நாத்தனாரும் தம்பி மனைவியும் அப்போது நகமும் சதையுமாக இருந்தார்கள். முக்காட்டை இழுத்துக் கையை மூடிக்கொண்டு, சிரித்துச் சிரித்து எண்ணை அழுத்தினார்கள். அந்தப் பூட்டு எனக்கே திறக்காது என்று அவர் கடைத்தெருவெல்லாம் பெருமை அடித்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதற்கு இந்த மனுஷனைத்தான் காட்ட வேண்டும்.

ஒரு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் பரக்கத் பீவி தூக்கு நிறைய இறால் குழம்பு கொடுத்தனுப்பினாள். ஆமினா பீவி அந்தத் தூக்கை வெறுமையாகத் திருப்பி அனுப்பிவிட்டாள். குழம்போ பலகாரமோ வந்த ஏனத்தில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்புவார்கள், அது ஊர் வழக்கம். அன்றைக்கு வீட்டில் சர்க்கரை இல்லை என்பது ஆமினாவின் கட்சி. கழுவி வேறு அனுப்பியிருக்கிறாள், என் வாசனையே அவளுக்கு ஆகவில்லை என்பது பரக்கத்தின் கட்சி. பேச்சு நின்றது. கேசட்டும் நின்றது. கௌஸ் மைதீன் முனியனிடம் போய் முறையிட்டபோது அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"சாவிய ரெண்டு பேராண்ட குடுத்தா மட்டும் பத்தாது பாய். அந்த ரெண்டு பேரும் சண்ட போட்டா தீத்து வெக்க பஞ்சாயத்து வேணும். எங்க ஊர்ல அது கீது. உங்க வூட்ல கீதா?"

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் பரீதாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அமீர் ஜான், மைமூன் பீவியின் மகன், பொன்னேரியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். டிவி வயரைப் பற்றவைக்க வந்தவன் அதே வயருக்காக மறுபடி மறுபடி வந்தான். வயர் அவ்வளவு மோசமில்லை என்பது பரீதாவுக்குத் தெரியும். அவன் வருகிற நாளில் அவளும் காரணமில்லாமல் அந்த அறையைப் பெருக்கினாள். அவனைத் தவிர வேறொருவன் தனக்கு வேண்டாம் என்று உள்ளுக்குள் முடிவே செய்துவிட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

தட்டு மாற்றுகிற அன்று எதிர்வீட்டு ரஹ்மத்து ஒரு குண்டைப் போட்டாள். பரீதா பிறந்தபோது ஆமினா ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். ஆட்டுப்பால் கொடுத்துத்தான் பிள்ளையை வளர்த்தோம் என்று அப்போது உயிரோடிருந்த அவள் மாமியார் சொல்லியிருந்தாள். ரஹ்மத்தோ, பொழுது சாயும் நேரத்தில் பிள்ளையை மைமூன் பீவியின் சந்துக்குள் தூக்கிப் போனதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்றாள். அமீர் ஜான் அப்போது பால்குடி மறக்காதவன். அப்படியானால் மாப்பிள்ளையும் பெண்ணும் அண்ணன் தங்கையா?

மைமூன் பீவியைக் கேட்டார்கள். அவள் கை வஞ்சனை அறியாத மனுஷி. சந்தில் அழுத பிள்ளைக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன், எவள் எவளுடையது என்று முகத்தைப் பார்த்தா கொடுத்தேன் என்றாள். பள்ளிவாசல் ஹஜ்ரத், உறுதியாகத் தெரிகிறவரை நிக்காஹ் வேண்டாம் என்றார். பரீதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கௌஸ் மைதீன் மட்டும் கலங்கவில்லை. எல்லாம் கேசட்டில் இருக்கிறது என்றார். என்ன இருக்கிறது என்று கேட்டால், எழுதி வைத்தபிறகு அதை எதற்கு மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். தனக்குத் தோன்றிய எண்ணையெல்லாம் அழுத்திப் பார்த்தார். கம்ப்யூட்டர் அசையவில்லை. ஆமினா தன் எண்ணை அழுத்தத் தயார். ஆனால் முதல் எண் விழாமல் இரண்டாவது எண்ணுக்கு வழியில்லை. பொன்னேரியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் வாத்தியார் ஒருவர் டீ குடித்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று யோசனை சொன்னார்.

கடைசியில் பரீதாவே வாப்பாவின் அக்காவான மாமி வீட்டுக்குப் போனாள். பரக்கத் பீவி அப்போது கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தம்பி மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது; விஷயத்தைக் கேட்டதும் கை நின்றுவிட்டது. எண்ணை மட்டும் சொல்லுங்கள் மாமி, நான் போய் அழுத்திக்கொள்கிறேன் என்று பரீதா கெஞ்சினாள். அதெல்லாம் ஆகாது, நானே வந்துதான் அழுத்துவேன் என்றாள் மாமி. ஆனால் உன் உம்மா வாசலுக்கு வந்து கூப்பிடாமல் அந்தப் படி ஏறமாட்டேன் என்றும் சொன்னாள்.

வீட்டில் உம்மாவோ, வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே, ஆனால் போய்க் கூப்பிடமாட்டேன் என்றாள். இரண்டு கோட்டைக்கும் நடுவே பரீதா நாயாய் அலைந்தாள். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தில்தான் புத்தி வேலை செய்தது. யாரைப் பார்த்து வாப்பா இந்தப் பூட்டைப் போட்டாரோ, அவர் முறைப்படியே திறந்தால் என்ன?

மறுநாள் காலையில், பரீதா சொல்லியனுப்பியபடி, முனியன் படகைக் கரையேற்றிவிட்டு ஊருக்குள் வந்தார். ஆமினா வீட்டு வாசலுக்கும் பரக்கத் வீட்டு வாசலுக்கும் சமதூரத்தில், முச்சந்தியில் நின்றார். குப்பத்துத் தெருவில் கொடுக்கிற குரலை இங்கே கொடுத்தார்.

"பொட்டி தொறக்கறாங்கோ. சாவி வெச்சிகினுகீறவங்க வந்துடுங்கோ."

தெருவில் போனவர்கள் எந்தப் பெட்டி என்று விழித்தார்கள். பரக்கத் பீவிக்குப் புரிந்தது. யாரும் அவளை அழைக்கவில்லை. சாவிக்காரி என்ற முறையில் அவள் வருகிறாள், இதில் கௌரவக் குறைச்சல் எங்கே? துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆமினாவும் அவளை உள்ளே வா என்று சொல்லவில்லை. சாவிக்காரி வந்தாள், இவள் நகர்ந்து இடம் விட்டாள். வீம்பு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, காரியம் மட்டும் நடந்தது.

கேசட் கீச்சிட்டு ஓய்ந்தது. பரக்கத் பீவி முக்காட்டால் மூடிக்கொண்டு தன் எண்ணை அழுத்தினாள். அடுத்து ஆமினா. கௌஸ் மைதீன் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நின்றார். திரையில் எழுத்து ஓட ஆரம்பித்ததும் ஓடிவந்து உட்கார்ந்தார். ஊரில் உள்ள வீடெல்லாம் வரிசையாக வந்தது, பிள்ளைகளெல்லாம் வந்தார்கள். பரீதா பெயரை எழுத்தெழுத்தாகத் தேடினாள். இல்லை. மறுபடி தேடினாள். அவர்கள் வீடே அதில் இல்லை.

கௌஸ் மைதீன் தலையைச் சொறிந்தார். நம் வீட்டுச் சங்கதி நமக்குத் தெரியாதா என்று அதைக் கடைசியில் எழுதலாம் என விட்டிருந்தேன், அதற்குள் இவர்கள் பேச்சு நின்று கேசட்டும் பூட்டிக்கொண்டது என்றார். ஊருக்கெல்லாம் பால் கணக்கு வைத்த மனுஷன் சொந்த மகளை விட்டுவிட்டார். அமீர் ஜான் தனக்கில்லை என்று அந்த நிமிஷம் பரீதாவுக்கு நிச்சயமாகிவிட்டது.

பரக்கத் பீவி வாசலைப் பார்த்தாள். போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் போகவில்லை. திரையைக் காட்டித் தம்பியிடம் பேசினாள்.

"உம்மா சொல்லி நீ எழுதி வெச்சிருப்பே, அந்தப் பொட்டியே சொல்லிடும்னு நெனச்சிதான் வந்தேன். என் வாயால சொல்ல வேணாம்னு பாத்தேன்." பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஆட்டுப்பாலும் இல்ல, மைமூன் பாலும் இல்ல. என் புள்ள மௌத்தாயி பத்து நாளு. நெஞ்சு கட்டிகினு உசுரு போவுது. இங்க இவ பசிக்கு அழுவுறா. நான்தான் தூக்கினு போயி, கதவ சாத்திகினு குடுத்தேன். ராவும் பகலும் என் மடியிலதான் கெடந்தா. வேற யார் வூட்டு வாசலையும் மிதிக்கல."

மைமூன் பீவி இருந்த அதே சந்தில்தான் அன்றைக்குப் பரக்கத் பீவியும் குடியிருந்தாள். பிள்ளை சந்துக்குள் போனதை ரஹ்மத்து பார்த்தது நிஜம்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பால் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இறந்த பிள்ளையின் பால் என்று தெரிந்தால் நோயில் கிடக்கிற ஆமினா மிரண்டுபோவாள் என்று மாமியார் ஆட்டுப்பால் கதை கட்டினாள். கதை அப்படியே நிலைத்துவிட்டது. பரக்கத்தும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் தன் பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டி வரும். அதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

ஆமினா பீவி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை வருஷமாய்ப் பேசாத வாய் திறந்தது.

"இத்தினி வருஷமா அந்த ஆட்டுக்கு துவா கேட்டுகினு இருந்தேனே மதினி."

கௌஸ் மைதீனுக்குச் சிரிப்பு வந்தது. மனைவி அழுவதைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார். ஆமினா வந்து பரக்கத் பீவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மதினியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஹஜ்ரத்திடம் உடனே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், இந்த மாதமே நிக்காஹ் என்று கௌஸ் மைதீன் சட்டையை மாட்டினார்.

உட்காரு என்றாள் அக்கா. பால் கொடுத்தவளும் உம்மாதானே, பெண் கேட்டு வந்தவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்றாள். சட்டை பாதியில் நின்றது. ஆமினா மட்டும் பதறவில்லை. நீங்கள் சொல்கிறவரை காத்திருக்கிறோம் மதினி என்று மெதுவாகச் சொன்னாள்.

பரக்கத் பீவி தம்பியையும் பார்க்கவில்லை, ஆமினாவையும் பார்க்கவில்லை. பரீதாவைப் பக்கத்தில் இழுத்து மோவாயைத் தொட்டாள்.

"ஒனக்கு அந்தப் பையன புடிச்சிகீதா?"

ஹஜ்ரத் வந்தார், கம்ப்யூட்டர் வாத்தியார் வந்தார், எதிர்வீட்டுக்காரி வந்தாள். இத்தனை அமளியில் ஒருவர்கூட அவளிடம் இதைக் கேட்டிருக்கவில்லை.

"புடிச்சிகீது உம்மா" என்றாள் பரீதா.

ஆமினா பீவி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சொல் யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.