காதில் வைத்த பஞ்சு

சிவகாசிப் பக்கம் மரியாதை என்றால் சத்தம்தான். கல்யாணமோ, சடங்கோ, சாவோ, சரம் கொளுத்தாமல் எதுவும் நகராது. அதிலும் எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி போர்மேன் வீட்டுச் சாவு என்றால் கேட்கவா வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் விருதுநகர் ஆஸ்பத்திரியிலிருந்து தாத்தாவின் உடலை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியபோது, பத்தாயிரம் வாலாச் சரத்தைப் போர்மேன் காலேப் தன் கையாலேயே கொளுத்தினான். தெரு முழுக்கப் புகை. காகிதக் குப்பைமேல்தான் வண்டி வீட்டுக்கு வந்தது. பட்டாளத்தில் அவில்தாராக இருந்த தாத்தா பால்துரைக்குத் துப்பாக்கி மரியாதை எல்லாம் கிடைக்காது என்று விசாரித்ததில் தெரிந்திருந்தது. போகட்டும், நம்மிடம் இல்லாத வெடியா என்று இருபத்தோரு அவுட்டு வெடிக்குக் கம்பெனியில் சொல்லிவைத்துவிட்டான். தேவாலயத்திலிருந்து பெட்டியைத் தூக்கும்போது ஒவ்வொன்றாக வெடிக்க வேண்டும். பொறுப்பு கம்பெனி ஆள் சங்கிலிமுத்துவுடையது. பதினைந்து வருடமாக வெடி கொளுத்துகிற கை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாத்தா ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தார். "ஏலே காலேப்பு, எனக்கு வெடிகிடி ஒண்ணும் வேண்டாம்லே. சத்தமில்லாமக் கொண்டுபோங்க." பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நாம் செய்யத்தான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டான் காலேப். வேண்டாம் என்பதை வேண்டும் என்று எடுத்துக்கொள்வதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது.

தாய் பிரசவத்தில் போய், அப்பன் வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூருக்குப் போய்விட, பச்சைப் பிள்ளையாகக் கிடந்த காலேப்பை வளர்த்தது தாத்தாதான். பட்டாளத்தில் இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் அடுத்த பதவி கிடைத்திருக்கும். பேரனுக்குப் பால் புட்டி கழுவ ஆளில்லை என்று பட்டாளத்தை விட்டு வந்தவர். எழுபத்தொன்று யுத்தத்தில் எல்லையில் நின்ற கை, பள்ளிக்கூடம் போகிறவனுக்குத் தலை சீவிவிட்டது, சோறு ஊட்டியது.

சபை வழக்கப்படி, அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வீட்டார் வாசிக்க வேண்டும். காலேப் காலையிலேயே எழுதி முடித்துவிட்டான். இரண்டு பக்கம். 'பயம் என்பதையே அறியாத போர்வீரர்' என்ற வரியை அவனே இரண்டு தடவை வாசித்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான்.

பத்து மணிவாக்கில் குருவம்மாள் வந்தாள். கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவள். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். கடைக்காரிக்குத் தாத்தாவை எப்படித் தெரியும் என்று காலேப் யோசிக்கும்போதே, பெட்டிக்கருகில் போய் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னைக்கும் காதுல பஞ்சு வச்சிருக்காகளே எங்க ஐயா" என்று சொல்லி அழுதாள்.

"அது செத்தவகளுக்கு வைக்கிறதுதான் அக்கா. எங்க வீட்டுக்காரிதான் வச்சா" என்றான் காலேப். அவன் மனைவி ஜெனிட்டா நர்ஸ். கைக்குப் பழகின வேலை.

"அது தெரியும் தம்பி. உசுரோட இருக்கையிலயும் வைப்பாகல்ல, அதச் சொன்னேன். நாலு மணி ஆச்சுன்னா எங்கடைக்கு வந்து பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கிருவாக. பையிலருந்து பஞ்ச எடுத்து ரெண்டு காதுலயும் அடச்சுக்கிருவாக."

"எப்ப?"

"தினமுந்தான். ஆறு வருசமா. ஒடம்பு படுக்கப் போடுற வரைக்கும்."

ஆறு வருடம் என்றால் அந்தக் கணக்கு காலேப்புக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தாத்தா தினமும் சாயங்காலம் டவுன் பஸ் பிடித்து கம்பெனி வாசலுக்கு வந்துவிடுவார். வேப்பமரத்தடியில் விறைப்பாக நிற்பார். காலேப் கம்பெனி வேனில் ஏறின பிறகுதான் அவர் பஸ் ஏறுவார். "மிலிட்டரி டூட்டிக்கு வந்தாச்சுடோய்" என்று வேனில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன், போர்மேன் ஆன புதிதில் ஒருநாள் காலேப் வாசலிலேயே வைத்துச் சொன்னான். "இனிமே இங்கன வராதீக தாத்தா. எனக்கு அசிங்கமா இருக்கு." தாத்தா சரி என்றார். மறுநாள் மரத்தடி காலியாக இருந்தது. அப்பாடா என்றுதான் இருந்தது அவனுக்கு. சாயங்காலங்களில் எங்கே போய் வருகிறீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பானா? இல்லை.

"சாம்பிள் வெடி போடுவீகல்ல, நாலரைக்கு" என்றாள் குருவம்மாள். "ஒவ்வொரு சத்தத்துக்கும் பெஞ்ச இறுக்கிப் பிடிச்சுக்கிருவாக. ஒடம்பு தூக்கிப்போடும். ஒடனே எந்திரிச்சு வாசலப் பாப்பாக, ஆளுக யாரும் ஓடியாறாகளான்னு. ஓடியாறலைன்னா திரும்ப உக்காருவாக. சண்டையில பக்கத்துக் குழியில குண்டு விழுந்து கூட்டாளி போயிட்டானாமே. அதுலருந்து வெடிச் சத்தம் ஆகாதுன்னாக. அப்புறம் எதுக்குய்யா இங்கன வந்து உக்காறணும்னு கேட்டேன். 'எம்பேரன் உள்ள இருக்கான்ல'ன்னாக. ஓங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாக தம்பி."

அன்றைய சரக்குச் சரியாக வெடிக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சாம்பிளைப் போடுவது போர்மேனின் வேலை. ஆறு வருடமாக அந்த ஒவ்வொரு வெடியையும் போட்டது காலேப்தான். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் தாத்தா கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவை அலறவிட்டதெல்லாம் இப்போது நினைவுக்கு வந்தது. கிழவருக்குக் காது மந்தம் என்று ஜெனிட்டாவிடம் சொல்லிச் சிரித்தவன் அவன்.

தெருவுக்கு ஓடினான். சங்கிலிமுத்து கம்பெனி வேனிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் திரும்ப ஏத்துலே."

"என்னண்ணே சொல்றீக? மிலிட்டரிக்காரக சாவுக்கு வெடியில்லையா? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். ஏத்து."

மூன்று மணிக்கு ஆராதனை. பாட்டு முடிந்து பாதிரி ஐயர் கையைக் காட்டினார். காலேப் மேடையேறி எழுதிவைத்ததை வாசித்தான். பிறந்த வருடம், படையில் சேர்ந்த வருடம், வாங்கிய பதக்கம். 'பயம் என்பதையே அறியாத' என்ற இடத்தில் நின்றுவிட்டான். அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைசி வரிசையில் குருவம்மாள் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள்.

தாளை மடித்துப் பையில் வைத்தான்.

"எங்க தாத்தாவுக்கு வெடிச் சத்தம்னா பயம்" என்றான். சபையில் சலசலப்பு. ஜெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். "சாதாரணப் பயம் இல்ல. ஒடம்பு நடுங்கும். அந்தப் பயத்தோட தெனம் பஸ் ஏறி எங்க கம்பெனி வாசலுக்கு வந்தாக. நான் முழுசா வெளிய வாறத ஒரு தடவ பாக்கணும், அதுக்குத்தான். நான் வேலைக்குச் சேந்து பதினோரு வருசம். கடைசி ஆறு வருசம் ஒளிஞ்சிருந்து பாத்தாக. ஏன்னா..." இதைச் சொல்லாமல் இறங்கினால் சாகும்வரை சோறு இறங்காது என்று அவனுக்குத் தெரிந்தது. "ஏன்னா, நீங்க வந்து நிக்கிறது எனக்கு அசிங்கமா இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

ஐயர் மெதுவாக அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

பெட்டியை நாலு பேர் தூக்கினார்கள். முன்பக்கம் காலேப். வாசலைத் தாண்டியதும் பழக்கதோஷத்தில் கூட்டம் மொத்தமும் சத்தத்துக்காக ஒரு விநாடி நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும்தான். சங்கிலிமுத்து ஓரமாக வெறுங்கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழி வீட்டுத் தெரு வழியாகத்தான். நேற்றைய வெடிக் காகிதம் இன்னும் கூட்டாமல் சிவப்பாகக் கிடந்தது. இன்றைக்கு உள்ளதை நிறுத்திவிட்டான். நேற்றுத் தன் கையால் கொளுத்தியதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தாத்தாவைத் தூக்கிக்கொண்டு அதன்மேல்தான் நடந்து போனான்.