ஏழாம் நம்பர் வண்டியின் புள்ளி

தம்பி செத்துப்போன பத்தொன்பதாம் நாள், காலை பத்தேகாலுக்கு, என் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில் அவன் வண்டியின் புள்ளி நகர ஆரம்பித்தது. ஏழாம் நம்பர். வண்டி அப்பளமாக நொறுங்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் கிடக்கிறது. ஓட்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான். புள்ளி மட்டும் பழைய லாட்ஜ் வளைவிலிருந்து கிளம்பி, பச்சையாக, சாவகாசமாக, கல்குவாரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மாடி அறையில் நான் ஒருத்திதான். கீழே துவைக்கும் மிஷின்கள் சுற்றுகிற சுற்றில் மேசைமேல் டம்ளர் கிணுகிணுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

எங்களுடையது ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் கம்பெனி. அழுக்கு விரிப்பு மூட்டைகளை எடுத்து வர, வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க, ஒன்பது வேன். ஒன்பது டிரைவர் போனிலும் முதலாளி ஓர் ஆப் போட்டு வைத்திருக்கிறார். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது, எல்லாம் என் திரையில் தெரியும். குறித்த பாதையை விட்டு வண்டி இறங்கினால் முதலாளியின் போனில் மணி அடிக்கும். அடித்தால் அன்றைக்கு அந்த டிரைவர் தொலைந்தான். குலம் கோத்திரம் எல்லாம் இழுத்து வைத்துத் திட்டுவார். ஆறு வருஷமாகக் கண்கொத்திப் பாம்பு மாதிரி அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவளும் நான்தான். நான் என்ன கல்லா? காலை நாலு மணிக்கு வந்து மூட்டை தூக்குகிறவர்கள், மதியம் அரை மணி நேரம் நிழலில் வண்டியைப் போட்டுக் கண்ணை மூடினால் யார் குடி முழுகிவிடும்? போனை ஃப்ளைட் மோடில் போட்டால் அது எதையும் வெளியே அனுப்பாது. ஆனால் வானத்திலிருந்து வருகிற ஜிபிஎஸ்ஸை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். ஊர் மேப்பை முன்னாடியே போனில் இறக்கி வைத்துவிட்டால், நெட் இல்லாமலேயே நீலப் புள்ளி வழி காட்டிக்கொண்டு கூடவே வரும். குறுக்கு வழியில் போகலாம், படுக்கலாம், திரும்பலாம். முதலாளிக்குத் தெரிவதெல்லாம் ஒரே இடத்தில் நின்றுபோன ஒரு புள்ளி. அவர் கேட்டால், “அங்க டவர் இல்ல சார்” என்று நான் சொல்லிவிடுவேன். எங்களில் ஒருவரும் ஜென்மத்தில் விமானம் ஏறியதில்லை. ஆனாலும் டிரைவர்கள் மோடைப் போடுவதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணி, “அக்கா, பறக்குறேன்” என்பார்கள். “ரொம்ப உசரமா போகாத” என்பேன் நான்.

அவர்களிடம் ஒன்றை மட்டும் நான் சொன்னதில்லை. மோடை எடுத்ததும், அதுவரை போன் தனக்குள் எழுதி வைத்துக்கொண்ட அத்தனை புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் திரையில் ஓடும். எங்கே படுத்தார்கள், எவள் வீட்டு வாசலில் நின்றார்கள், எல்லாம். தாமதமாக வருகிற புள்ளிகளுக்கு முதலாளி போனில் மணி அடிக்காது. முதலாளி ஆறு மணிக்கு வந்து உட்காருவதற்குள் நான் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவேன். ஒருத்தரிடமும் மூச்சுவிட்டதில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒன்பது பேரும் என் கையில் இருக்கிறார்கள் என்கிற சின்ன கர்வமும் எனக்கு இருந்தது. இப்போது எதை மறைத்து என்ன?

தம்பியை நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரன், வழி மட்டும் சுத்தமாகத் தெரியாது. முதல் வாரத்தில் ஒரு ரவுண்டானாவை நாலு தடவை சுற்றிவிட்டு எனக்குப் போன் பண்ணி, “அக்கா, இதுக்கு எத்தன வாசல்?” என்று கேட்டான். அன்றிலிருந்து கம்பெனியில் அவன் பெயரே ரவுண்டானாதான். முப்பத்துமூன்று வயதில், கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாலு மாசக் குழந்தை ராத்திரி முழுக்க அவன் தோளில்தான். பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கண் சொருகுகிறது என்றான். நானே அவனை உட்கார வைத்து, திரையை மேலிருந்து கீழே விரலால் இழுத்து, அந்தச் சின்ன விமானப் படத்தைத் தொட்டுக் காட்டிக் கொடுத்தேன். “இழு, தொடு. திரும்ப வேணும்னா இழு, தொடு. அவ்வளவுதான்டா.” கல்குவாரிப் பழைய பாதையில் போனால் நாற்பது நிமிஷம் மிச்சமாகும், அந்த நாற்பது நிமிஷம் தூங்கு என்று சொன்னதும் நான்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு, “பறக்குறேன்க்கா” என்றான். புள்ளி நின்றது. நான் சாப்பிட்டேன். இரண்டு பத்துக்கு அவன் பெண்டாட்டி போன் பண்ணினாள். “அண்ணி, அவருக்குப் போன் போகவே மாட்டேங்குது.” நான் சிரித்தேன். “தூங்குறான்மா, விடு. உம் மக ராத்திரி தூங்க விட்டாத்தான?” ஐந்து மணிக்கு லாட்ஜிலிருந்து விரிப்பு வரவில்லை என்று கத்தினார்கள். டவர் இல்லை என்று அவர்களிடமும் சொன்னேன், முதலாளியிடமும் சொன்னேன். ஆறு மணிக்குத்தான் தேட ஆள் அனுப்பச் சொன்னேன். புள்ளி நின்ற இடம் மெயின் ரோட்டில் அந்தப் பழைய லாட்ஜ் வளைவு, ஆள்கள் அங்கேயே தேடினார்கள். குவாரிப் பாதை என்று நான் வாயைத் திறந்து சொல்ல மேலும் கால் மணி நேரம் ஆயிற்று, பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். அந்தக் கால் மணி நேரத்துக்காக என் வாயில் மண்ணைத்தான் போடவேண்டும். என் வீட்டுக்காரர்தான் உடம்பைப் பார்த்துவிட்டு வந்தார். “வண்டி பள்ளத்துல உருண்டிருக்கு. உடனே போயிட்டான். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் தம்பி பெண்டாட்டியும் பத்தொன்பது நாள் சோறு தின்றோம்.

திரையில் புள்ளி குவாரிப் பாதையில் திரும்பியது. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு வரை வேகம் நாற்பது, நாற்பத்தொன்று. பிறகு பூஜ்யம். பதிவின் கணக்கில் பத்து நிமிஷம், அதே இடத்தில் புள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது. முடிந்தது என்று நான் முகத்தை மூடிக்கொண்டேன். விரலை விலக்கிப் பார்த்தபோது அது மறுபடி நகர்ந்திருந்தது. வேகம் என்ற கட்டத்தில் பூஜ்யம் புள்ளி ஒன்று என்று இருந்தது. நடக்கிற ஆளுக்குக்கூட நாலு, ஐந்து காட்டும். வண்டி கிடந்த பள்ளத்திலிருந்து மெயின் ரோடு இருநூற்று நாற்பது மீட்டர். புள்ளி ரோட்டைப் பார்த்துத்தான் போனது, கொஞ்சமும் பிசகாமல். நாலு வாசல் உள்ள ரவுண்டானாவில் வழி தெரியாதவன், முள்ளும் கல்லுமாகக் கிடக்கிற சரிவில் நேர்க்கோடு போட்ட மாதிரி போயிருக்கிறான். மூன்று நாற்பதுக்கு நின்றது. ரோட்டுக்கு இன்னும் இருபத்தாறு மீட்டர் இருந்தது. அதற்கப்புறம் அது நகரவே இல்லை.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“எங்க கிடந்தான்?”

“யாரு?”

“எந்தம்பி.”

“ரோட்டுப் பக்கமா” என்றார்.

“வண்டி?”

“உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பத்து. நான் சிரித்தபோது அவன் நூறு மீட்டர்கூடத் தாண்டவில்லை. அப்போதே ஆளை அனுப்பியிருந்தால் இரண்டரைக்கு அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

என் கை தானாக மவுஸைப் பிடித்தது. ஆறு வருஷப் பழக்கம். பட்டியலில் முதல் புள்ளியைத் தொட்டு, கடைசிப் புள்ளியைத் தொட்டேன், எல்லாம் நீலமானது. அழிக்கட்டுமா என்று திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்டது. தம்பி பெண்டாட்டிக்கு எதற்கு இந்த வேதனை, பச்சை உடம்புக்காரி, தெரிய வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். பொய். அவளுக்காக இல்லை. இரண்டு பத்தை அவள் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆமாம் என்பதன்மேல் அம்பு நிற்கும்போது கதவைத் தட்டாமல் அவளே உள்ளே வந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கையில் தம்பியின் போன், புதுக் கண்ணாடி பளபளவென்று இருந்தது.

“பாப்பா போட்டோவெல்லாம் இதுலதான் இருக்குன்னு ரிப்பேர் கடைல குடுத்தேன் அண்ணி. இப்பத்தான் குடுத்தான்” என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மடிக்கு மாற்றிக்கொண்டாள். “ஃப்ளைட் மோடுல இருந்துச்சாம். எடுத்து விட்டேன்னான்.”

“ம்.”

“உள்ள எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சாம். படம் தெரியுமாம், மேப்பு ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கும்னான். டச்சு மட்டும்தான் போயிருச்சாம். தொட்டா எடுக்காது.” புதுக் கண்ணாடியை விரலால் தடவினாள். “பழைய கண்ணாடில ரத்தம் காஞ்சு கிடந்துச்சு அண்ணி. வெரலால இழுத்த மாதிரி. மேலேர்ந்து கீழ, மேலேர்ந்து கீழ, ஒரே எடத்துல. அது என்னன்னு கடைக்காரனுக்குத் தெரியல. எனக்கும் தெரியல.”

எனக்குத் தெரிந்தது. இழு, தொடு. நான் சொல்லிக் கொடுத்த இழுப்பு. தான் எங்கே இருக்கிறோம், ரோடு எந்தப் பக்கம் என்று கடைசி நிமிஷம் வரை அவனுக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. இங்கே இருக்கிறேன் என்று ஒருத்தருக்கும் சொல்ல முடியாமல், தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறான். நான் வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உடனே போயிட்டாருன்னு அண்ணன் சொன்னாரு. உடனே போனவரு கை எப்படி இத்தன தடவ இழுக்கும்?”

“அதுல ஒண்ணும் இல்லம்மா. நீ வீட்டுக்குப் போ.”

“மோடை எடுத்தா எல்லாப் புள்ளியும் உங்ககிட்ட வரும்ல?”

நான் நிமிர்ந்தேன். “யார் சொன்னது?”

“அவர்தான். ஒரு நாள் உங்க பின்னால நின்னு பாத்திருக்காரு. ‘எங்கக்கா சாயங்காலம் உக்காந்து ஒவ்வொருத்தனுக்கும் தொடச்சி விடுது, பாவம், யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கு’ன்னு சொல்லிச் சிரிப்பாரு.” மேசைக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்தாள். நீலமாகத் தேர்ந்தெடுத்துக் கிடந்த வரிகளையும், நடுவில் நின்ற பெட்டியையும் அவளுக்குப் படிக்கத் தெரியும். “அழிக்கப் போறீங்களா அண்ணி?”

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் ஊர்ந்திருக்கிறான். யாருக்கும் எட்டாமல் போனாலும், என்றைக்காவது ஒரு நாள் இது அக்கா கண்ணில் படும் என்று தெரிந்து. இல்லை என்பதை அழுத்தினேன். பெட்டி போயிற்று.

“போடுங்க” என்றாள்.

பழைய பாதையை ஓட்டிக் காட்ட ஒரு பட்டன் உண்டு. அழுத்தியதும் புள்ளி விறுவிறுவென்று ஓடிப் பள்ளத்துக்கு வந்துவிட்டது.

“ஏன் இப்படி ஓடுது?”

“பதினாறு மடங்கு வேகம். சீக்கிரம் பாத்து முடிக்கறதுக்கு அப்படி வச்சிருக்கு.”

“அவர் சீக்கிரம் போகலையே” என்றாள். “அவர் போன வேகத்துலயே வைங்க.”

“ரெண்டே முக்கால் மணி நேரம்மா.”

“வைங்க அண்ணி.”

வைத்தேன். திரையின் மூலையில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு என்று நின்றது. அவள் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். ஒன்றுமே நடக்காத ஒன்றைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்தால்தான் தெரியும். ஒரு நிமிஷம் புள்ளி அசையாது, பிறகு ஓர் இம்மி தள்ளியிருக்கும், எப்போது தள்ளியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. டிரைவர்கள் போன் பண்ணினார்கள், நான் எடுக்கவில்லை. மூன்றாம் நம்பரின் புள்ளி எங்கோ நின்றுபோயிருந்தது. அந்த டிரைவருக்கு மட்டும் நானே போன் போட்டேன். அவன் வண்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “இனிமே ஒருத்தரும் பறக்கக் கூடாது, எல்லார்கிட்டயும் சொல்லு” என்று கத்தினேன், அவன் பயந்துபோய்ச் சரி சரி என்றான். முதலாளி கதவைத் திறந்தார். எங்களையும் திரையையும் பார்த்தார். வேலை போயிற்று என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஓர் இடத்தில் பதினோரு நிமிஷம் புள்ளி அப்படியே நின்றது. “எந்திரிங்க” என்றாள், என்னிடம் இல்லை. நகர்ந்தது. குழந்தை விழித்துச் சிணுங்கியது. அவள் கண்ணை எடுக்காமல் முந்தானையை இழுத்துப் பால் கொடுத்தாள்.

மூலையில் மணி இரண்டு எட்டு ஆயிற்று. இரண்டு ஒன்பது. எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

இரண்டு பத்து.

“இப்பத்தான் நான் உங்களுக்குப் போன் பண்ணேன்” என்றாள்.

“ஆமா.”

“தூங்குறான், விடுன்னு சொல்லிச் சிரிச்சீங்க.”

“ஆமாம்மா.” அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று குனிந்து உட்கார்ந்தேன். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவள் முந்தானையால் குழந்தையின் தலையை மூடினாள். பிறகு, “நானும்தான் சிரிச்சேன் அண்ணி” என்றாள்.

புள்ளி ஓர் இம்மி மேலே ஏறி நின்றது. ரோட்டின் மஞ்சள் கோடு இன்னும் திரையின் மேல் ஓரத்தில்தான் இருந்தது. அவள் குழந்தையை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். நானும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.