வெளித்தாழ்ப்பாள்

பொழுது விடிவதற்குள் நுன்சியோவும் அவன் தங்கை புருஷன் கார்மினேயும் வியர்வையில் குளித்துவிட்டார்கள். நாசகாரிக் கப்பலின் கொதிகலன் அறையில் இரண்டு பேர் முதுகு உரசாமல் கரி அள்ள முடியாது. மேலேயிருந்து விசிறி ஊதும் காற்று உலை வழியாக மட்டுமே போகவேண்டுமாம். அதற்காகக் கதவை இறுக அடைத்துவிடுவார்கள். தாழ்ப்பாள் வெளியே.

நேப்பிள்ஸ் விரிகுடாவில் அன்று வேகச் சோதனை. கடற்படை கேட்ட வேகத்தை எட்டாவிட்டால் கப்பலைக் கட்டிய பட்டறை முதலாளி டான் அல்ஃபோன்சோவின் தலையில்தான் விடியும். அதனால் உலைக்கு ஓய்வில்லை.

"மாப்ள, இது தின்னுற கரியில என் தங்கச்சி ஊருக்கே மக்ரோனி வேக வைப்பா."

"அவளுக்குக் கரி எதுக்கு மச்சான்? வாய்ச் சூடே போதும்."

நுன்சியோ சிரித்துக்கொண்டே மண்வாரியை ஓங்கினான். அப்போதுதான் குழாய் வெடித்தது.

கொதிக்கும் ஆவி முகத்தில் அறைந்தது. விழுந்த நுன்சியோ கரிக்கிடங்கின் வாய்க்குள் ஊர்ந்து, கரியை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டான். கார்மினே ஏணியில் ஏறினான். "தொறங்கடா, தொற!" இரும்புக் கதவில் அவன் கை மோதுவது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மேலே மேஸ்திரி வித்தாலே தாழ்ப்பாளில் கை வைத்தானாம். "பொறு, ஆபீசருங்க நிக்கிறாங்க. ஆவி அடங்கட்டும்" என்றாராம் டான் அல்ஃபோன்சோ. சுக்கான் பிடித்தவன் தன் காதால் கேட்டுச் சொன்னது இது.

கடைசியில் கதவைத் திறந்து கார்மினேயின் கையைப் பிடித்து இழுத்தபோது தோல் தனியாகக் கழன்று வந்தது.

மிச்சமிருந்த கொதிகலன்களை வைத்துக் கப்பல் கரைக்குத் திரும்பியது. பட்டறை மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடிவந்தது. டான் அல்ஃபோன்சோ தொப்பியைக் கழற்றினார். செத்தவனுக்கு மரியாதையாம்.

"குழாய் வெடிச்சது விதி. சேதத்தச் சரி பண்ணிட்டா கப்பல் மறுபடியும் ஓடும். கரி போட வேற ஆளா கெடைக்காது?"

நுன்சியோ பாய்ந்து அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்தான். வித்தாலே இரும்புக் கம்பியால் அவன் வாயில் அடித்தான். நுன்சியோ இரண்டு பல்லைத் துப்பிவிட்டு எழுந்தான்.

"குழாய விதி வெடிக்க வச்சுது. கதவப் பூட்டினது யாருய்யா?"

கூட்டத்திலிருந்து கப்பல் தகடுகளுக்கு ஆணியடிக்கும் அனியெல்லோ முன்னால் வந்தான். முகம் செத்திருந்தது.

"நான்தான்டா தம்பி அந்தத் தாழ்ப்பாள வச்சது. வரைபடத்துல இருந்துச்சு, அடிச்சேன். உள்ள இருக்கறவன் எப்படி வெளிய வருவான்னு கேக்கல."

நுன்சியோ அவன் கைச் சுத்தியலைப் பிடுங்கினான். அது மண்டையில் இறங்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நுன்சியோவும் அப்படித்தான் நினைத்தான். அனியெல்லோ நகரவில்லை. நுன்சியோ சுத்தியலை இறக்கி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அவனும் தன்னைப் போலவே சொன்னதைச் செய்து கஞ்சி குடிக்கிறவன்.

"இன்னும் எதுலயெல்லாம் வச்சண்ணே?"

அனியெல்லோ கையைத் தூக்கிக் காட்டினான். சாரத்தில் அதே அச்சில் வார்த்தாற்போல மூன்று நாசகாரிகள் இன்னும் தண்ணீரைத் தொடாமல் நின்றன. மூன்றிலும் வெளித்தாழ்ப்பாள்.

"அப்ப வா. அறுப்போம்."

ஆணியடிப்பவர்கள், தகடு வளைப்பவர்கள், கரி அள்ளுபவர்கள் எல்லோரும் சாரத்தில் ஏறினார்கள். "அது அரசாங்கச் சொத்துடா! சுட்டுத் தள்ளுவாங்க!" என்று கீழேயிருந்து டான் அல்ஃபோன்சோ தொண்டை கிழியக் கத்தினார். போலீசார் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு பட்டறை வாசலில் நுழைந்தார்கள்.

முதல் கப்பலின் மேல்தட்டில், கொதிகலன் அறைத் தாழ்ப்பாளின் ஆணிமேல் நுன்சியோ உளியைப் பிடிக்க, அனியெல்லோ அடித்தான்.

"கையில போட்டுராதண்ணே."

"இருக்கற பல்லக் காப்பாத்திக்கடா."

ஓர் ஆணியின் தலை தெறித்தது. அதற்குள் போலீசார் ஏறிவிட்டார்கள். துப்பாக்கிக் கட்டை அனியெல்லோவின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்தது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. அவனைக் காலைப் பிடித்து இழுத்துப் போனார்கள். உருண்ட சுத்தியலைத் தகடு வளைக்கும் ஒருவன் எடுத்தான். நுன்சியோவுக்கு அவன் பேர்கூடத் தெரியாது. போலீசுக்கும் அவர்கள் இருவருக்கும் நடுவே மற்றவர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள்.

"அண்ணன் எந்த ஆணியில விட்டாரு?"

"ரெண்டாவது ஆணி" என்று சொல்லி நுன்சியோ உளியை வைத்தான்.