ஹெலினா எழுந்திருக்கவில்லை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் தனக்கு நடந்ததைத் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். முடிவு வருவதற்குள் இருவரும் இறங்கிவிட்டார்கள். சொன்னவளின் பெயர் தெரியாது. ஹெலினா என்று நான் வைத்தேன். மீதியை நான்தான் கட்ட வேண்டும். எப்படிக் கட்டுகிறேன் என்பதை மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

முதல் வரி: 'முத்தாபுதுப்பேட்டையில் அந்த ஞாயிறு அமைதியாக விடிந்—'

வேண்டாம். அமைதி என்று எழுதினாலே ஏதோ உடையப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

2

ஹெலினா சீருடை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறாள். ஞாயிறு காலையில் அவள் வீட்டு முன்னறையில் பன்னிரண்டு பேர் பாய் விரித்து ஜெபம் செய்வார்கள். போன வாரம் அடுத்த தெரு கஜபதி நாலு ஆட்களோடு வந்து, "இன்னொரு வாட்டி பாட்டுச் சத்தம் கேட்டுது, உன் ஊட்டு வாசல்ல கேட்டுன்னு ஒண்ணு இருக்காது, சொல்ட்டேன்" என்று மிரட்டிவிட்டுப் போனான்.

(அவனுக்கு ஏன் அத்தனை கோபம் என்று ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். காரணங்களை அடுக்க அடுக்க, அவன் செய்யப்போவது நியாயம் போல ஆகிக்கொண்டு வந்தது.)

"நிறுத்திடலாமா?" என்றார்கள் மற்றவர்கள்.

"ஆண்டவர் பாத்துப்பார். வழக்கம்போல வாங்க" என்றாள் ஹெலினா.

வந்தார்கள். இரண்டாவது பாட்டுப் பாடும்போது கேட் அதிர்ந்தது.

"யக்கோவ்! தொறக்கிறியா, ஒடைக்கட்டா? உங்க சாமி வந்து கேட்டப் புடிச்சுக்குமா?" கஜபதியின் குரல். கூடவே சிரிப்பு.

பாட்டு நின்றது. ஹெலினா கண்ணை மூடினாள். உட்கார்ந்த இடத்தில் என்னவோ உறுத்தியது. பாயின் ஓரத்தைத் தூக்கினாள்.

இரும்புக் கம்பி. முழங்கை நீளம். ஒரு முனை கூராகத் தேய்க்கப்பட்டிருந்தது.

3

ஷேர் ஆட்டோவில் அவள் சொன்னது இது: "வெளில கத்தறவனுக்கு நான் பயப்படலடி. என் ஊட்டுப் பாயப் பாத்துதான் ஒடம்பு ஒதறிச்சு."

ஆயுதம் கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பக்கத்தில் அவள் தம்பி ஃபெலிக்ஸ். வெல்டிங் வேலை செய்பவன்.

"இன்னாடா இது?"

"சும்மா, ஒரு சேஃப்டிக்குத்தான், அக்கா."

"ஆண்டவர் பாத்துப்பார்னு சொன்னேன்ல?"

"பாத்துப்பாரு. அவரு கொஞ்சம் லேட்டா வந்துட்டா?"

இப்போது இந்த இக்கட்டு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஹெலினா எழுந்து கேட்டைத் திறக்கப் போனால், ஃபெலிக்ஸின் கை பாய்க்கு அடியில் போகும். எழாவிட்டால் கேட் உடையும். உடைந்தாலும் அந்தக் கை அங்கேதான் போகும். மற்ற பத்துப் பேரும் சுவரோடு ஒட்டிக்கிடக்கிறார்கள்.

அவள் பாயை இழுத்துவிட்டு, கம்பியின் மேல் முழுப் பாரமும் கொடுத்து உட்கார்ந்தாள்.

"நீ போய்த் தொற."

"நானா? வெறுங்கையோடவா?"

"வெறுங்கையோடதான். அவரு பாத்துப்பார்னு உனக்குஞ் சேத்துதான் சொன்னேன்."

அவன் எழுந்தான்.*

இதுவரை அவள் தனக்காக மட்டும் நம்பிப் பழகியிருந்தாள். தம்பிக்காகவும் நம்புவது இதுதான் முதல் முறை. கூப்பிட்டால் திரும்பிவிடுவான். கூப்பிடவில்லை.

* அது கீல் இறங்கிய கேட். இடது கையால் தூக்கிப் பிடித்தால்தான் வலது கையால் தாழ்ப்பாளை இழுக்க முடியும். உள்பக்கமாகத் திறப்பதால் தன் நெஞ்சை நோக்கி இழுக்க வேண்டும். தடுக்க ஒரு கைகூட மிச்சம் இருக்காது.

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சரியான நேரத்துக்குப் போலீஸ் ஜீப். இன்னொன்றில், ஃபெலிக்ஸின் வெறுங்கையைப் பார்த்த கஜபதி தலைகுனிந்து— மூன்றாவதில் ஒரே ஒரு வரி, அதைக் கிழித்துவிட்டேன்.

மூன்றையும் நான் தெருவில் நின்று பார்ப்பவனைப் போல எழுதியிருக்கிறேன். ஹெலினாவுக்கு அந்த வசதி இல்லை.

"அக்கா..." வாசலில் ஃபெலிக்ஸின் குரல்.

"பாதி தொறக்காத. முழுசாத் தொற."

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். கேட் தரையில் உராய்ந்து வருகிறது. அவள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். திரும்பினால் பாரம் கம்பியிலிருந்து விலகும், திரும்ப மாட்டாள்.

நீங்கள் அவளுக்கு எதிரே, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கே நடப்பது உங்களுக்குத்தான் தெரிகிறது. அவள் கண் எடுக்காமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.